எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பே எடை கட்டிக் கழுத்தை இழுத்தது தவறா?

வாசகர் கேள்வி: மார்ச் 3, மாலை 6.15

என் தம்பிக்கு வயது 26. ஒன்பது நாட்களுக்கு முன் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டதில், கழுத்தின் ஐந்தாவது எலும்பு ஆறாவதன் மேல் முன்பக்கமாக நழுவி இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டுவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுத்த கையோடு, எம்.ஆர்.ஐ.க்குக் காத்திராமல், அவன் விழித்திருக்கும்போதே தலையில் இடுக்கி பொருத்தி எடை கட்டி இழுத்தார்கள். மறுநாள் முன்கழுத்து வழியாக அறுவை சிகிச்சை நடந்தது. முழங்கையை மடக்குகிறான், விரல்களும் கால்களும் அசையவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு மருத்துவர், "எம்.ஆர்.ஐ. பார்க்காமல் இழுத்ததால்தான் டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு) பிதுங்கித் தண்டுவடம் நசுங்கியிருக்கும்" என்கிறார். அது உண்மையா?

மார்ச் 3, இரவு 10.40

முதுகெலும்பு அறுவை சிகிச்சையே என் தொழில் என்பதால் நேராகப் பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவர்கள் செய்தது தவறு இல்லை. அவர்களுடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

கழுத்தெலும்புகள் ஒவ்வொன்றும் பின்புறத்தில், இடமும் வலமுமாக, கூரையில் ஓடு மேல் ஓடு அடுக்கியதைப் போன்ற இரண்டு சிறிய மூட்டுகளால் அடுத்த எலும்போடு இணைந்திருக்கின்றன. தலை பெரும் வேகத்தில் முன்னோக்கி மடங்கும்போது மேல் எலும்பின் ஓடு கீழ் எலும்பின் ஓட்டைத் தாண்டிக் குதித்து, அதன் முன்னால் விழுந்து மாட்டிக்கொள்கிறது. ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் எலும்பு கால்பங்கு அளவுக்கு முன்னே நகர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் மாட்டினால் பாதிப்பங்கோ அதற்கு மேலோ நகர்ந்திருக்கும். அந்த இடத்தில் தண்டுவடம் செல்லும் கால்வாய், மேல் எலும்பின் பின்வளைவுக்கும் கீழ் எலும்பின் உடலுக்கும் நடுவே குறுகிப்போகிறது. சுண்டுவிரல் பருமனே உள்ள தண்டுவடம் அங்கே நசுங்கியபடி, போதிய இரத்த ஓட்டம் இல்லாமல் கிடக்கிறது. எலும்பை வரிசைக்குக் கொண்டுவருவதுதான் அந்த அழுத்தத்தை நீக்க இருக்கும் மிக விரைவான வழி. கத்தி எடுப்பதற்கு முன்பே, அவசரப் பிரிவிலேயே, எடையும் கப்பியும் கொண்டு அதைச் செய்துவிட முடியும்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ரக்பி விளையாட்டில் கழுத்து விலகிய 57 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. அவர்களில் 32 பேருக்கு, மூட்டைச் சரிசெய்யும் தருணத்தில், காயத்துக்குக் கீழே முழுச் செயலிழப்பு இருந்தது. நான்கு மணி நேரத்துக்குள் சரிசெய்யப்பட்ட 8 பேரில் 5 பேர் முழுமையாக மீண்டார்கள். நான்கு மணி நேரத்தைத் தாண்டிய 24 பேரில் ஒருவர்கூட முழுமையாக மீளவில்லை. இந்த எண்களைப் படித்த பிறகு, எம்.ஆர்.ஐ. அறை காலியாகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு மனம் வந்ததில்லை.

விபத்துக்கும் இழுவைக்கும் இடையே எத்தனை மணி நேரம் கடந்தது என்று தெரிந்தால் எழுதுங்கள்.

மார்ச் 4, காலை 7.05

விழித்திருக்கும்போதே இழுத்ததை ஒரு கொடுமையைப் போலச் சிலர் இங்கே எழுதியிருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த விழிப்புதான் நோயாளிக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு. மயக்கத்தில் இருப்பவருடைய தண்டுவடம் நெருக்கப்பட்டால் நமக்கு எந்தச் செய்தியும் வராது. விழித்திருப்பவர், "என் கை மரத்துப்போகிறது" என்று சொல்லிவிடுவார், நாமும் அந்தக் கணமே எடையை இறக்கிவிடுவோம். நோயாளிக்கு நினைவு தெளிவாக இல்லையென்றால், மதுவின் மயக்கத்தில் இருந்தால், தலைக்காயத்தால் சொல்வதைப் புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருந்தால், இந்த வழியையே நான் எடுப்பதில்லை. அவர்களுக்கு முதலில் எம்.ஆர்.ஐ.தான்.

மார்ச் 4, இரவு 11.20

பயிற்சிக் காலத்தில் நான் முதன்முதலாக அருகில் நின்று பார்த்த இழுவையைச் சொன்னால், உங்கள் தம்பிக்கு அந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்பது ஓரளவு விளங்கும்.

இரவு இரண்டு மணி. இளைஞர் ஒருவர், மல்லாந்து படுத்தபடி, கூரையைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாமல் கிடந்தார். என் மூத்த மருத்துவர் அவருடைய காது மடலுக்கு ஒரு விரல் அகலம் மேலே, காதுத் துளைக்கு நேராக, இரண்டு பக்கமும் மரத்துப்போக ஊசி போட்டார். பிறகு குதிரை லாடம் போல வளைந்த இடுக்கியின் கூர்முனைகளை அந்த இடங்களில் வைத்துத் திருகினார். ஒரு முனைக்குள் சுருள்வில் ஒன்று இருக்கிறது. போதிய அழுத்தம் ஏறியதும் அதன் நடுவிலிருந்து சிறு ஊசித்தலை ஒரு மில்லிமீட்டர் வெளியே எட்டிப்பார்க்கும். அந்த ஒரு மில்லிமீட்டரை அவர் என்னை விரல் நுனியால் தடவிப் பார்க்கச் சொன்னார். 1933இல் க்ரட்ச்ஃபீல்டு வடிவமைத்த பழைய இடுக்கிக்கு மண்டையோட்டில் துளை போட வேண்டியிருந்தது. சுருள்வில் வைத்த கார்ட்னர்–வெல்ஸ் இடுக்கி வந்த பிறகு துளைக்கும் வேலை இல்லாமல் போனது.

முதலில் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே. பிறகு கேள்விகள்: தோளைத் தூக்குங்கள், முழங்கையை மடக்குங்கள், மணிக்கட்டை நிமிர்த்துங்கள், நான் தொடுவது தெரிகிறதா? அதன் பின் மேலும் இரண்டு மூன்று கிலோ, மீண்டும் எக்ஸ்ரே, மீண்டும் அதே கேள்விகள். முதல் எக்ஸ்ரேயில் எல்லோருடைய கண்ணும் விலகிய இடத்தில் நிலைத்திருக்க, அவர் மட்டும் தலைக்கும் முதல் எலும்புக்கும் இடையே இருந்த இடைவெளியை அளந்துகொண்டிருந்தார். மேலே கண்ணுக்குத் தப்பிய இன்னொரு விலகல் இருந்தால் எடை அங்கேதான் முதலில் வேலை செய்யும் என்று பிறகு எனக்கு விளக்கினார்.

எடை முப்பது கிலோவை நெருங்கியபோது ஓட்டு முனைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நுனியில் நின்றன. மலை முகட்டில் நிற்கும் வண்டியைப் போல, எந்தப் பக்கமும் இறங்கலாம் என்ற நிலை. கழுத்தை மெல்ல முன்னோக்கிச் சாய்த்து இன்னும் ஒரு எடை சேர்த்தார். சத்தம் கேட்கும் என்று நான் காத்திருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. "உள்ளே ஏதோ நகர்ந்தது" என்று அந்த இளைஞர்தான் சொன்னார். அடுத்த எக்ஸ்ரேயில் எலும்புகள் வரிசையில் நின்றன. தோள்களுக்குக் கீழே மடித்த துணி ஒன்றைக் கொடுத்துக் கழுத்தைச் சற்றே பின்னோக்கிச் சாயவிட்டு, எடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஐந்து கிலோ அளவில் நிறுத்தினார்கள்.

எவ்வளவு எடை வரை போகலாம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1993இல் வெளியான ஆய்வு ஒன்றில் 140 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 63 கிலோ வரை, விழித்திருந்த நோயாளிகளுக்கு ஏற்றியிருக்கிறார்கள். எண்ணைக் கேட்டால் அச்சமாக இருக்கும். ஆயினும் ஆபத்தைத் தீர்மானிப்பது எடையின் அளவு மட்டும் அன்று. ஒவ்வொரு எடைக்குப் பிறகும் பரிசோதித்துப் படம் பார்க்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

மார்ச் 5, மாலை 4.30

நீங்கள் எழுதிய பதிலைப் பார்த்தேன். விபத்துக்கும் மூட்டு சரியானதற்கும் இடையே ஐந்தரை மணி நேரம் என்றும், "நான்கு மணி நேரம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அம்மா தூங்கவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் முதல் குறிப்பை எழுதிய விதம் தவறு. உங்கள் தாயாரிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். இப்போது எழுதுவதையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அந்த ஆய்வில் நான்கு மணி நேரத்துக்குள் சரிசெய்யப்பட்டவர்கள் எட்டே எட்டுப் பேர். அவர்கள் விளையாட்டில் அடிபட்டவர்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து எறியப்படும்போது கழுத்தில் இறங்கும் விசை வேறு. விபத்து நடந்த நொடியிலேயே தண்டுவடத்துக்கு நேர்ந்துவிடும் சேதத்தை எந்த வேகமான சிகிச்சையும் திருப்பி எடுப்பதில்லை. அதற்குப் பின் வரும் வீக்கத்தாலும் இரத்தக் குறைவாலும் நேரும் இரண்டாம் சேதத்தைத்தான் நாம் நேரத்தோடு போட்டியிட்டுத் தடுக்கப் பார்க்கிறோம். 2012இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கழுத்துத் தண்டுவடக் காயம் அடைந்த 313 பேரை எடுத்துக்கொண்டு, 24 மணி நேரத்துக்குள் அழுத்தம் நீக்கப்பட்டவர்களையும் அதற்குப் பின் நீக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. ஆறு மாத முடிவில், நரம்புச் செயல்பாட்டை மதிப்பிடும் அளவுகோலில் இரண்டு படிகளோ அதற்கு மேலோ முன்னேறியவர்கள் முதல் குழுவில் 19.8 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 8.8 விழுக்காடு. நான்காவது மணியில் ஒரு கதவு அடைபட்டுவிடுகிறது என்ற பொருளை இவற்றில் எதுவும் தரவில்லை. விரைவு நல்லது என்பதைச் சொல்ல வந்த நான், அதை ஒரு தீர்ப்பைப் போல எழுதிவிட்டேன். மருத்துவமனையில் நின்று மணியை எண்ணிக்கொண்டிருந்த குடும்பத்தாரிடம் அப்படிப் பேசக் கூடாது என்பதை நான் அறிந்திருக்க வேண்டும்.

மார்ச் 6, காலை 6.50

டிஸ்க் பற்றிய அச்சத்துக்கு இன்னும் நான் நேரான பதில் சொல்லவில்லை. அந்த மருத்துவர் சொன்னது வெறும் கற்பனை இல்லை. 1991இல், மூட்டு விலகலோடு டிஸ்க் பிதுங்கி, எலும்பை வரிசைக்குக் கொண்டுவரும்போது அது தண்டுவடத்தை நெருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை மருத்துவ இதழ்களில் வலுவாக எழுந்தது, எம்.ஆர்.ஐ. இல்லாமல் இழுக்கவே கூடாது என்ற கட்சி அதிலிருந்து வளர்ந்தது. 1999இல் 11 பேருக்கு இழுவைக்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். முன்பு 2 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இழுவை வெற்றி பெற்ற 9 பேரில், பின்பு 5 பேருக்கு இருந்தது. ஆனால் ஒருவருக்கும் நரம்பு நிலை மோசமாகவில்லை. படத்தில் பிதுங்கல் தெரிவதும், அதனால் நோயாளி கெடுவதும் வெவ்வேறு செய்திகள். அமெரிக்க நரம்பு அறுவை சிகிச்சையாளர் சங்கங்கள் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் விழித்திருப்பவருக்கு விரைவான இழுவையைப் பரிந்துரைக்கிறது: ஏறக்குறைய 80 விழுக்காட்டினருக்கு மூட்டு சரியாகிறது, நிலையான பாதிப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே விதி என்று நான் எண்ணவில்லை. கை கால்கள் முழுமையாக இயங்கும் ஒருவருக்குக் கழுத்து விலகியிருந்தால், அவருக்கு இழக்க நிறைய இருக்கிறது, அவசரமோ குறைவு. அவரை நான் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பிவிட்டே தொடுகிறேன். பெரிய டிஸ்க் துண்டு எலும்பின் பின்னால் தெரிந்தால், முன்கழுத்து வழியே போய் அதை முதலில் எடுத்துவிட்டு, பிறகு மூட்டைச் சரிசெய்கிறேன். உங்கள் தம்பியின் நிலை வேறு: நரம்பு செயலிழந்து, ஒவ்வொரு நிமிடமும் அழுத்தத்தில் கிடந்த தண்டுவடம் அது.

மார்ச் 6, பிற்பகல் 1.15

ஒரு திருத்தம். "எல்லாக் கழுத்து விலகலுக்கும் இழுவைதான் முதல் மருந்து" என்று என்னை மேற்கோள் காட்டி ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மண்டையோடு முதல் கழுத்தெலும்பிலிருந்தே விலகிவிட்ட காயத்தில் இழுவை கூடவே கூடாது. அங்கே தலையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்த நார்கள் அறுந்துவிட்டன. சிறிய எடைகூடத் தலையைத் தனியே பிரித்துவிடும். முதுகெலும்பே மூங்கில் கழி போல இறுகிப்போன அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் நோயாளிகள் இன்னொரு வகை. அவர்களில் பலருடைய கழுத்து விபத்துக்கு முன்பே முன்னோக்கி வளைந்துதான் இருந்திருக்கும். அதைத் தட்டையான பலகையில் நேராகக் கிடத்துவதே தண்டுவடத்தை முறித்துவிடும் என்பதால், தலைக்குக் கீழே போதிய உயரம் வைத்து, அவர்களுடைய பழைய வளைவிலேயே ஏந்தி வர வேண்டும். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, உடலின் அளவோடு ஒப்பிட்டால், தலை பெரிது. அவர்களைப் படுக்க வைக்கும்போது தலைக்கு ஒரு குழிவோ உடலுக்கு ஓர் உயரமோ தேவைப்படுகிறது.

விபத்து நடந்த இடத்தில் யாரும் யாருடைய கழுத்தையும் இழுத்து நேராக்க முயலக் கூடாது. நான் எழுதும் இழுவை எக்ஸ்ரேயும் பயிற்சி பெற்ற கையும் உள்ள அறையில் நடப்பது.

மார்ச் 8, இரவு 9.10

"எலும்பு வரிசைக்கு வந்துவிட்டதே, பிறகு ஏன் அறுவை சிகிச்சை?" என்ற கேள்விக்கு: இந்தக் காயத்தில் பெரும்பாலும் கிழிந்திருப்பவை டிஸ்க்கும் மூட்டு நார்களும்தான். உடைந்த எலும்பு கூடும். கிழிந்த நார் பழைய உறுதியோடு கூடுவதில்லை. 1959இல் பெர்ரியும் நிக்கலும் அறிமுகப்படுத்திய ஹாலோ வளையத்தை (மண்டையோட்டில் திருகிப் பொருத்தித் தலையை அசையாமல் பிடிக்கும் வளையம்) மூன்று மாதம் போட்டுவிட்டு எடுத்தபோது, கழுத்து மீண்டும் நழுவி நின்றதை நானே இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன். அதனால் முன்பக்கமாகப் போய்க் கிழிந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் துண்டோ கூண்டோ வைத்து, தகடும் திருகாணியும் கொண்டு இரண்டு எலும்புகளையும் ஒன்றாக்கிவிடுகிறோம். சில விலகல்களுக்குப் பின்பக்கமும் திருகாணிகள் தேவைப்படும்.

மார்ச் 9, காலை 8.00

என் வாழ்வில் நான் தவறவிட்ட ஒரு கழுத்தைப் பற்றி எழுதாமல் இந்த இழையில் அறிவுரை சொல்லிக்கொண்டே போவது நேர்மை ஆகாது. பயிற்சி முடிந்து இரண்டாம் ஆண்டு. தோள்கள் பருத்த ஒருவர். கழுத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஆறாவது எலும்பு வரை தெளிவாகத் தெரிந்தது, அதற்குக் கீழே தோள்களின் வெண்ணிழல். தெரிந்தவரை எல்லாம் சரியாக இருந்ததால் "கழுத்து நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் காலை அவரை எழுப்பி உட்கார வைத்தபோது விரல்களில் மின்சாரம் பாய்ந்ததைப் போல இருப்பதாகச் சொன்னார். ஏழாவது கழுத்தெலும்பு, அதற்கு அடுத்துக் கீழே உள்ள முதல் மார்பு முள்ளெலும்பின் மேல் ஒரு பக்கமாக நழுவியிருந்தது. நல்வேளையாக அவர் மீண்டார். முதல் மார்பு முள்ளெலும்பின் மேல்விளிம்பு தெரியாத படம் கழுத்துப் படமே ஆகாது என்பதை நான் பாடத்தில் படித்துத் தேர்விலும் எழுதியிருந்தேன். அன்று முதல், படத்தைப் பார்க்கும்போது எலும்புகளைச் சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டு எட்டு வரை எண்ணுகிறேன். இப்போது சி.டி. ஸ்கேன் அந்த நிழலை நீக்கிவிட்டது. எண்ணும் பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை.

மார்ச் 9, இரவு 10.25

ஸ்டீராய்டு ஊசி போடவில்லை என்று இன்னொருவர் வருந்துகிறார். 1990இல் வந்த ஆய்வைத் தொடர்ந்து, எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசலோன் செலுத்துவது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. தொற்றும் இரைப்பை இரத்தப்போக்கும் கூடுவதையும் பலன் உறுதிப்படாததையும் கண்ட பிறகு, 2013 வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. போடாததால் உங்கள் உறவினருக்கு எதுவும் மறுக்கப்பட்டுவிட்டதாக நான் நினைக்கவில்லை.

இரத்த அழுத்தம்தான் நான் விடாமல் பார்ப்பது. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டால் இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புக் கட்டளை அறுந்துபோகிறது. அழுத்தம் இறங்கும், நாடி மெதுவாகும், கை கால்கள் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஏற்கெனவே இரத்தத்துக்கு ஏங்கும் தண்டுவடத்துக்கு அது இரண்டாம் அடி. மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் வைத்துக் கணக்கிடும் சராசரி அழுத்தத்தை ஏழு நாட்கள் 85க்கும் 90க்கும் இடையே வைத்திருக்கிறோம்.

மார்ச் 10, காலை 7.30

நேற்று எழுதிய அந்த எண் பழையது. 2024இல் வந்த வழிகாட்டுதல், குறைந்தபட்சம் 75 முதல் 80, மிகுதியாக 90 முதல் 95, மூன்று முதல் ஏழு நாட்கள் என்று தளர்த்தியிருக்கிறது. நான் கைப்பழக்கத்தில் பழையதை எழுதிவிட்டேன்.

மார்ச் 12, இரவு 8.45

வீட்டுக்குப் போன பிறகு உங்களுக்குத் தேவைப்படும் ஒரு செய்தியை இப்போதே சொல்லிவைக்கிறேன். இவ்வளவு உயரத்தில் தண்டுவடம் அடிபட்டவருக்குச் சில வாரங்கள் கழித்துத் திடீரென்று தலை வெடிப்பதைப் போல வலித்து, முகம் சிவந்து வியர்த்து, இரத்த அழுத்தம் இருநூறைத் தொடலாம். அப்போது அவரை உடனே உட்கார வையுங்கள். பிறகு சிறுநீர்க் குழாயைப் பாருங்கள். என் நோயாளி ஒருவருக்கு இப்படி நேர்ந்தபோது அறையில் நாங்கள் மூன்று மருத்துவர்கள் மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். செவிலியர்தான் போர்வையை விலக்கி, தொடைக்கு அடியில் மடிந்து அடைபட்டிருந்த குழாயை நீவிவிட்டார். பை நிறையத் தொடங்கியதும் அவருடைய தலைவலி இறங்கியது. குழாயில் ஒன்றும் இல்லையென்றால் மலச்சிக்கல், புண், இறுக்கமான உடை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அழுத்தம் இறங்கவில்லையென்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மார்ச் 14, மாலை 5.50

பண்டைய எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரசுச் சுருளில், ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதில், 31ஆவது நோயாளி கழுத்தெலும்பு விலகியவர். தன் இரு கைகளும் கால்களும் இருப்பதை அவர் அறியவில்லை என்றும், சிறுநீர் தானாகச் சொட்டுகிறது என்றும் துல்லியமாகக் குறித்துவிட்டு, மருத்துவம் செய்வதற்கில்லாத நோய் என்று அந்த மருத்துவர் முடிக்கிறார். இந்தச் சிகிச்சையைப் பற்றி நான் ஏன் இவ்வளவு ஆவலோடு பேசுகிறேன் என்று ஒருவர் கேட்டதற்கு இதுதான் பதில். நெடுங்காலம் கைவிடப்பட்டவர்கள் இவர்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவுக்கு மருத்துவர் லுட்விக் குட்மன் பொறுப்பேற்ற காலத்தில்கூடத் தண்டுவடம் அடிபட்டவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துகொண்டிருந்தார்கள்.

மார்ச் 15, காலை 6.40

நேற்றிரவு நீங்கள் எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன்: குளிப்பாட்டும்போது ஆசனவாயைச் சுற்றித் தொடுவது தெரிகிறது என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் நாளிலிருந்து நான் இவருடைய காயத்தை முழுமையான செயலிழப்பு என்றே மனத்தில் வைத்து எழுதிவந்தேன். கால் அசையவில்லை என்பதை மட்டும் வைத்து அப்படிக் கருதியது என் பிழை. தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் வரை செய்தி போய்த் திரும்பினால், அது பகுதிக் காயம்; அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் இயக்கம் திரும்பும் வாய்ப்பு முழுக் காயத்தைவிடத் தெளிவாகக் கூடுதல். எவ்வளவு திரும்பும் என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

விபத்துக்கு 72 மணி நேரம் கழித்துச் செய்த நரம்புப் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில், தண்டுவடத்தின் அந்தக் கடைசி நரம்புகளைக் குறிக்கும் 'எஸ்4–5' என்ற வரிசையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காலியாக இருந்தால், மருத்துவரை இன்று மீண்டும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். குண்டூசியின் கூரையும் மழுக்கலையும் தம்பி பிரித்துச் சொல்கிறாரா, கால் பெருவிரலை மடக்கச் சொன்னால் தசையில் துடிப்பு ஏதும் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்பதையும் கேட்டு எழுதுங்கள். நான் மாலையில் பார்க்கிறேன்.